27 பேர் எழுதிய அசைன்மென்ட்

கல்லூரி அசைன்மென்ட் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. முதல் பெஞ்சில் ஒரு புண்ணியவதி எழுதும். அதைப் பார்த்து ஒருத்தன் எழுதுவான். அவனைப் பார்த்து இன்னொருத்தன். கடைசி பெஞ்சுக்கு வந்து சேரும்போது மூலத்தில் இருந்த எழுத்துப்பிழைகளோடு புதுசாக நாலு சேர்ந்திருக்கும். ஏ4 தாள், மேலே ஒரு கலர் சார்ட் அட்டை, ரெண்டு ஸ்டேப்ளர் பின். வாத்தியார் கையில் தூக்கி எடை பார்த்தே மார்க் போடுவார். செமஸ்டர் முடிந்ததும் மொத்தக் கட்டும் பழைய பேப்பர் கடைக்கு.

இப்படி இல்லாமல், ஒரு வகுப்பில் கொடுத்த வேலை நெதர்லாந்தில் இருக்கிற சர்வதேச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. நீதிபதிகள் உட்கார்ந்து அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் ஒரே குரலில். கொஞ்ச நாளாக ஆபீசில் ஆணி குறைவு, டேமேஜரும் லீவு. கிடைத்த நேரத்தில் இதைத்தான் தோண்டித் தோண்டிப் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

வனுவாட்டு. இப்படி ஒரு நாடு இருக்கிறது என்பதே நம்மில் பாதிப்பேருக்குப் பொது அறிவுப் புத்தகத்தில்தான் தெரிந்திருக்கும். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் கடலில் 80 தீவுகள் போலச் சிதறிக் கிடக்கிறது. மொத்த ஜனத்தொகை ஏறக்குறைய 3 லட்சம். அதற்குள் 100-க்கும் மேற்பட்ட மொழிகள். 1980 வரை அதன் பெயர் நியூ ஹெப்ரைட்ஸ். பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஆண்டார்கள். சேர்ந்து என்றால் நிஜமாகவே சேர்ந்து: இங்கிலீஷ் போலீஸ் தனி, பிரெஞ்சு போலீஸ் தனி, பள்ளிக்கூடமும் அதே மாதிரி ரெண்டு. ரெண்டு மாமியார் இருக்கிற வீட்டு மருமகள் மாதிரி அந்த ஊர் பட்ட பாடு தனிக்கதை.

2015 மார்ச்சில் பாம் என்ற புயல் இந்த நாட்டைப் புரட்டிப் போட்டது. ஐந்தாம் வகைப் புயல், அதற்கு மேல் வகையே கிடையாது. நாட்டின் ஒரு வருட மொத்த உற்பத்தியில் 60 சதவீதத்துக்கு மேல் நஷ்டம் என்று கணக்குப் போட்டார்கள். அந்த நேரத்தில் நாட்டின் ஜனாதிபதி எங்கே இருந்தார் தெரியுமா? ஜப்பானில், ஐ.நா. நடத்திய பேரிடர் தடுப்பு மாநாட்டில். கதை எழுதுகிறவன் எழுதினால் ஓவர் என்போம். நடந்தது அதுதான்.

இப்போது அந்த வகுப்பறை. தென் பசிபிக் பல்கலைக்கழகம் 1968-ல் ஆரம்பித்தது. 12 தீவு நாடுகளுக்குப் பொதுச்சொத்து. ஒவ்வொரு நாடும் தனியாக ஒன்று கட்டக் கட்டுப்படியாகாது, அதனால் கூட்டாகக் கட்டினார்கள். தலைமையிடம் ஃபிஜியில், சட்டப்படிப்பு வனுவாட்டுவின் தலைநகர் போர்ட் விலாவில். 2019-ல் அங்கே சர்வதேசச் சுற்றுச்சூழல் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர்களுக்கு முன்னால் ஒரு கேள்வி வைக்கப்பட்டது. பருவநிலை மாற்றத்தை எதிர்க்க, சட்டத்தின் வழியாகச் செய்யக்கூடியதிலேயே பெரிய காரியம் எது?

27 பேர். எட்டு தீவு நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தேடிக் கண்டுபிடித்த பதில்: சர்வதேச நீதிமன்றத்திடம் ஆலோசனைக் கருத்து கேட்பது.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். (சட்டம் படித்தவர்கள் யாராவது இருந்தால் திருத்துங்கள். நான் பொட்டி தட்டுகிறவன்.) ஒரு நாட்டின் மேல் இன்னொரு நாடு இந்த நீதிமன்றத்தில் வழக்குப் போடவேண்டுமானால், எதிராளி நாடும் ஏதோ ஒரு வகையில் அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். திருடனிடம் சம்மதம் வாங்கி கேஸ் போடுகிற மாதிரி. பெரிய புகைபோக்கி நாடுகள் சும்மா வந்து நிற்குமா? ஆனால் ஐ.நா. பொதுச்சபை ஓட்டெடுப்பு நடத்தி, "இந்த விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது?" என்று நீதிமன்றத்தைக் கேட்கலாம். அதற்கு யார் சம்மதமும் தேவையில்லை. வருகிற பதில் யாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதற்கப்புறம் "விதி இப்படி இருக்கிறதென்று எனக்குத் தெரியாதே" என்று எவரும் நழுவ முடியாது.

நம்ம பாஷையில் சொன்னால், கிளையன்ட் கால் பேசும்போது ஆளாளுக்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டு போவார்கள். ஒருத்தன் மட்டும் "நீங்க சொன்னது இதுதானே" என்று மெயில் போட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வான். ஆறு மாதம் கழித்து சண்டை வரும்போது அந்த மெயில்தான் எல்லாரையும் காப்பாற்றும். 27 பேரும் உலகத்துக்காகக் கேட்டது அந்த மெயிலை.

யோசனை புத்தம்புதிது இல்லை. 2011-லேயே பலாவு என்ற இன்னொரு குட்டித் தீவு நாடு இதையே முயன்று பார்த்தது. வேண்டிய ஆதரவு திரளவில்லை, அப்படியே அடங்கிவிட்டது. அதற்கும் முன்னால் அணு ஆயுதங்கள் பற்றி இப்படிக் கேட்டு 1996-ல் கருத்து வாங்கியிருக்கிறார்கள். அதற்குப் பின்னாலும் மருத்துவர்கள், வக்கீல்கள், சாதாரண ஜனங்கள் சேர்ந்து பல வருஷம் தள்ளின வண்டிதான் அது. ஆக, கதவு எங்கே இருக்கிறதென்று தெரிந்த விஷயம்தான். யார் போய்த் தட்டுவது, எத்தனை வருஷம் தட்டுவது என்பதுதான் சிக்கல்.

மாணவர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பருவநிலை மாற்றத்தை எதிர்க்கும் பசிபிக் தீவு மாணவர்கள் என்று பெயர். பிறகு தீவு நாட்டு அரசாங்கங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். கவனியுங்கள், முதல் ஆயுதம் கடிதம். வனுவாட்டு அரசாங்கம் காது கொடுத்தது. அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த ரால்ஃப் ரெகென்வானு பிள்ளைகளைப் பிள்ளைகள் என்று தள்ளிவிடவில்லை. 2019-லேயே துவாலுவில் கூடிய தீவு நாட்டுத் தலைவர்கள் முன்னால் விஷயம் போனது.

அப்புறம் கொரோனா. எல்லைகள் மூடின. 2020 ஏப்ரலில், அந்த ஊரடங்கு சமயத்திலேயே, ஹெரால்ட் என்ற இன்னொரு ஐந்தாம் வகைப் புயல். படிப்பு முடிந்தது, வேலை தேடவேண்டும், வீட்டில் கேள்வி கேட்பார்கள். நம்மூராக இருந்தால் இந்த இடத்தில் சங்கம் கலைந்து ஒரு வாட்ஸப் குரூப்பாக மாறி, அதில் குட்மார்னிங் படம் மட்டும் வந்துகொண்டிருக்கும். அவர்கள் விடவில்லை. மற்ற கண்டங்களின் மாணவர்களைச் சேர்த்தார்கள். 2021 செப்டம்பரில் வனுவாட்டு இதை அதிகாரபூர்வமாகக் கையில் எடுப்பதாக அறிவித்தது. 2022-ல் பசிபிக் தீவுத் தலைவர்கள் மன்றம் ஆதரவு கொடுத்தது. 2023 மார்ச் முதல் வாரத்தில் ஜூடி, கெவின் என்று ரெண்டு புயல்கள் அடுத்தடுத்து வனுவாட்டுவை அடித்தன. அதே மாதம் 29-ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் வந்தது. 130-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து முன்மொழிய, ஓட்டெடுப்பே இல்லாமல் ஒருமனதாக நிறைவேறியது.

2024 டிசம்பர் 2 முதல் 13 வரை ஹேக் நகரில் வாய்மொழி விசாரணை. 96 நாடுகள், 11 சர்வதேச அமைப்புகள். அந்த நீதிமன்றத்தின் வரலாற்றில் இவ்வளவு பேர் வந்து பேசியதில்லை. முதல் நாள் பேசினவர்களில் ஒருவர் சிந்தியா ஹௌனியூஹி. சாலமன் தீவுகளைச் சேர்ந்தவர். அந்த 27 பேரில் ஒருவர். தன் மண்ணின் தலையணியோடு வந்து, கறுப்பு அங்கி போட்ட நீதிபதிகள் முன்னால் நின்றார். வகுப்பில் கேட்ட கேள்விக்கு ஐந்து வருஷம் கழித்து வைவா!

2025 ஜூலை 23 அன்று கருத்து வந்தது. தலைமை நீதிபதி இவசாவா யுஜி வாசித்தார். ஏகமனதான கருத்து. எனக்குப் புரிந்த அளவில் சாரம் இது:

பருவநிலையைக் காப்பது நாடுகளின் நல்ல மனசைப் பொறுத்த விஷயம் இல்லை, சட்டக் கடமை. பாரிஸ் ஒப்பந்தம் மாதிரி கையெழுத்துப் போட்டவற்றால் மட்டும் வருகிற கடமையும் இல்லை. அடுத்தவன் சூழலுக்குப் பெரிய கேடு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பொதுவான சர்வதேச வழக்குச் சட்டமும் இதில் பொருந்தும். ஆகவே ஒப்பந்தத்திலிருந்து வெளியேறிவிட்டால் தப்பித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. "என்னால் முடிந்தது இவ்வளவுதான்" என்று இஷ்டத்துக்கு ஒரு இலக்கு எழுதிக் கொடுப்பதும் நடக்காது, 1.5 டிகிரி எல்லையை மனதில் வைத்து முடிந்தவரை உச்சமாக வைக்கவேண்டும். நிலக்கரி, எண்ணெய் எடுப்பது, அதற்குப் புதிதாக உரிமம் கொடுப்பது, மானியம் கொடுப்பது இவையெல்லாம் சட்டமீறலாக அமையலாம். மீறினால் நிறுத்தவேண்டும். காரண காரியத் தொடர்பு தெளிவாக நிறுவப்பட்டால் நஷ்டஈடும் கொடுக்கவேண்டி வரலாம். கடல் ஏறி நிலம் போனாலும், அதனாலேயே ஒரு நாடு நாடு இல்லாமல் போய்விடாது.

கடைசியில் நீதிமன்றம் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது. இது சட்டம் மட்டும் தீர்க்கிற பிரச்சினை இல்லை, மனித அறிவின் எல்லாத் துறைகளும் வேண்டும், அதற்கெல்லாம் மேல் தனி மனிதரிலிருந்து சமூகம், அரசியல்வரை மன உறுதியும் விவேகமும் வேண்டும் என்று முடித்திருக்கிறார்கள். உலகத்தின் உச்ச நீதிமன்றம் என்று நாம் நினைக்கிற இடமே, எங்கள் கையில் மட்டும் இல்லை என்று சொல்லிவிட்டது.

நிற்க. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன்.

நான் பொறியியல் சேர்ந்தது 2014. மூன்றாம் செமஸ்டரில் எங்களுக்கு சுற்றுச்சூழல் அறிவியல் என்று ஒரு பேப்பர். கம்ப்யூட்டர் படிக்கிறவனுக்கு இது எதற்கு என்று எல்லாரும் கேட்பார்கள். காரணம் சுவாரசியமானது. எம்.சி. மேத்தா என்ற வக்கீல் போட்ட வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம், கல்வியின் எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயமாக வேண்டும் என்ற வழிக்கு உத்தரவிட்டது. அதாவது அந்த பேப்பரே ஒரு குடிமகன் கோர்ட்டுக்குப் போனதால் வந்தது. இந்த ஒரு வரி எங்கள் புத்தகத்தின் உள்ளே எங்காவது இருந்திருக்கலாம். ஆனால் எந்த வாத்தியாரும் அதை வகுப்பில் சொல்லிக் கேட்டதில்லை.

நாங்கள் கற்றது பத்து ரெண்டு மார்க், அஞ்சு பதினாறு மார்க். ஓசோன் படலம் பற்றிச் சிறுகுறிப்பு. உணவுச்சங்கிலி படம், அதில் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து. பாம்பை நன்றாக வரைந்தால் ஒரு மார்க் கூட.

அந்த 2015 டிசம்பரில் சென்னையில் மழை கொட்டியது உங்களுக்கே தெரியும். அடையாறு ஊருக்குள் வந்தது. பல்கலைக்கழகத் தேர்வுகள் தள்ளிப்போயின. தள்ளிப்போன எங்கள் பேப்பர்களில் சுற்றுச்சூழல் அறிவியலும் ஒன்று. வெள்ளம் வடிந்து, ஹாஸ்டல் தரைத்தளத்தில் சேற்றை வழித்துப் போட்டுவிட்டு, பிறகு போய் எழுதினோம். 'வெள்ளமும் வறட்சியும்' என்று புத்தகத்தில் ஒரு தலைப்பு உண்டு. தண்ணீர் ஏன் அந்த வழியாக வந்தது, அந்த வழியில் யார் கட்டடம் கட்டினார்கள், அதற்கு அனுமதி கொடுத்தது எந்த ஆபீஸ், அந்தக் கோப்பை நாம் கேட்டுப் பார்க்கமுடியுமா, இதெல்லாம் அந்தத் தலைப்பின் கீழ் வராது. மழைநீர் சேகரிப்புப் படம் வரும்.

ஐ.நா. 2015-ல் போட்ட நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 4.7 என்று ஒன்று இருக்கிறது. 2030-க்குள் எல்லா மாணவர்களுக்கும் நிலைத்த வளர்ச்சிக்கான கல்வியும், உலகக் குடிமை பற்றிய கல்வியும் கிடைக்கவேண்டும் என்று சொல்கிறது. உலகக் குடிமகன். கேட்கவே நன்றாக இருக்கிறது. (இந்த இடத்தில் வழக்கமாக ஒரு சங்கப்பாட்டு வரி வரவேண்டும். போடப்போவதில்லை, பயப்படாதீர்கள்.) ஆனால் நம் ஐடி உலகத்தில் உலகக் குடிமகன் என்றால் ரெண்டு நாட்டு விசா ஸ்டாம்ப் உள்ளவன், மூன்று டைம் ஸோனில் கால் பேசுகிறவன். பள்ளிக்கூடங்களில் உலகக் குடிமைக் கல்வி என்றால் ஆளுக்கொரு நாட்டு உடுப்புப் போட்டு ஆண்டுவிழாவில் ஆடுவது. குடிமகன் என்பவனுக்கு உள்ள முக்கியமான லட்சணம், தன்னை ஆளுகிறவனிடம் கேள்வி கேட்பது. அதை மட்டும் அழகாக வடிகட்டிவிட்டு மீதியைப் பாடமாக வைத்திருக்கிறோம்.

இப்போது அந்த வேறொரு காரணம்.

என் சித்தி பொண்ணு சட்டம் படிக்கிறாள், மூன்றாம் வருஷம். ஊர் பேரும் கல்லூரி பேரும் வேண்டாம். போன மாதம் ஒருநாள் ராத்திரி சித்தி போன் பண்ணினார்.

"தம்பி, நீ சொன்னா அவ கேப்பா. கொஞ்சம் நல்லா எடுத்துச் சொல்லுடா."

"என்ன சித்தி ஆச்சு?"

ஆனது இதுதான். அவர்கள் ஊர்க் குளம் வருஷா வருஷம் சின்னதாகிக்கொண்டே வருகிறது. இவளும் கூடப் படிக்கிறவர்களுமாக 14 பேர், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டிருக்கிறார்கள். பதிவேட்டின்படி குளத்தின் பரப்பு எவ்வளவு, ஆக்கிரமிப்பு என்று பதிவானது எத்தனை, எடுத்த நடவடிக்கை என்ன. அதோடு விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் அரைமணி நேரம் அட்டை பிடித்து நின்றிருக்கிறார்கள். யாரோ படம் எடுத்து அனுப்ப, கல்லூரியில் பெற்றோரைக் கூப்பிட்டு, மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொல்லிவிட்டார்கள். எழுதாவிட்டால் இன்டர்னல் மார்க்கில் பார்த்துக்கொள்கிறோம் என்று வாயால் சொல்லவில்லையாம், பார்வையால் சொன்னார்களாம்.

சித்தியின் பயம் வெறும் பயம் இல்லை. சித்தப்பா போனபிறகு தையல் மிஷினை வைத்துப் பொண்ணைப் படிக்கவைக்கிறவர். 2021 பிப்ரவரியில் பெங்களூரில் திஷா ரவி என்ற 22 வயசுப் பெண்ணை டில்லி போலீஸ் வந்து கைது செய்ததை டிவியில் பார்த்தவர். சுவீடனில் கிரேட்டா துன்பர்க் 2018-ல் ஆரம்பித்த வெள்ளிக்கிழமைப் போராட்டத்தின் இந்தியக் கிளையில் இருந்த பெண் அவர். விவசாயிகள் போராட்டத்துக்கான ஒரு ஆவணத்தைத் திருத்தினார், பகிர்ந்தார் என்று தேசத்துரோகப் பிரிவில் வழக்கு. பத்து நாளில் டில்லி நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. ஜாமீன் கொடுத்தது சித்திக்கு ஞாபகம் இல்லை, கைது மட்டும்தான் ஞாபகம். எந்த அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும்.

நான் சித்தியிடம் அந்த 27 பேர் கதையைச் சொன்னேன். தீவு, புயல், கடிதம், ஹேக், நீதிபதிகள் எல்லாம். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒன்று சொன்னார்:

"அங்க வாத்தியாரே அந்தக் கேள்விய குடுத்திருக்காரு. இங்க வாத்தியார்தாண்டா மன்னிப்பு லெட்டர் கேக்குறாரு."

எனக்கு அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. இத்தனை நாள் நான் படித்ததை சித்தி ரெண்டே வரியில் சொல்லிவிட்டார். தீவுப் பிள்ளைகள் நம் பிள்ளைகளைவிட தைரியசாலிகள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுடைய கேள்வி வகுப்பறையில் பாடமாக இருந்தது. நம் பிள்ளைகளுடைய கேள்வி ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பில் இருக்கிறது. அங்கே ஒரு அமைச்சர் கடிதத்தைப் பிரித்துப் படித்தார். அந்த மூன்று கண்ணியில் ஒன்று அறுந்திருந்தாலும் இன்றைக்கு நான் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

இந்தியாவிலும் முயன்றவர்கள் உண்டு. உத்தரகாண்டைச் சேர்ந்த ரிதிமா பாண்டே 2017-ல், ஒன்பது வயதில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மனு போட்டார். 2019-ல் அது தள்ளுபடியானது. இருக்கிற சட்டங்களிலேயே இது அடங்கியிருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். ஆனால் 2024-ல், கானமயில் என்ற பறவையைப் பற்றிய ஒரு வழக்கில், பருவநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து காக்கப்படுவது அடிப்படை உரிமையின் பாகம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மின்கம்பியில் மோதிச் சாகிற ஒரு பறவையால் நமக்கு வந்த உரிமை அது.

ஒரு கேள்வி நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். புகையை விட்டவன் எவனோ, நம்ம ஊர்ப் பிள்ளைகள் ஏன் இதைத் தூக்கிச் சுமக்கவேண்டும்? நியாயம்தான். ஒரு அமெரிக்கர் வருஷத்துக்கு ஏறக்குறைய 14 டன் கரியமில வாயுவுக்குக் காரணம் என்றால், ஒரு இந்தியர் ஏறக்குறைய 2 டன். ஹேக் விசாரணையில் இந்தியாவும் இதைத்தான் அழுத்திச் சொன்னது: அதிகம் கெடுத்தது வளர்ந்த நாடுகள், ஏற்கெனவே உள்ள ஒப்பந்தங்களுக்கு மேல் புதுக் கடமைகளை எங்கள் தலையில் ஏற்றாதீர்கள் என்று. முதல் பாதி அசைக்கமுடியாத உண்மை. ஆனால் வனுவாட்டுக்காரர் நம்மைப் பார்த்தும் அதையே கேட்கமுடியும் இல்லையா? மொத்தக் கணக்கில் உலகத்தில் மூன்றாவது இடம் நமக்கு. மேலே பார்த்தால் நாம் வாதி, கீழே பார்த்தால் பிரதிவாதி. இந்த ரெண்டு நாற்காலியிலும் மாறிமாறி உட்கார்ந்து பார்க்கச் சொல்லிக் கொடுப்பதைத்தான் உலகக் குடிமைக் கல்வி என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இன்னொன்று. உலகம் என்றால் ஏதோ மேலே இருந்து கீழே வருவது என்று நினைக்கவேண்டாம். அதே சர்வதேச நீதிமன்றத்தில் இலங்கையைச் சேர்ந்த வீரமந்திரி என்ற நீதிபதி இருந்தார். ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் டான்யூப் நதி அணை பற்றிய தகராறு. 1997-ல் அதில் அவர் தனியாக எழுதிய கருத்தில், நிலைத்த வளர்ச்சி என்பது நேற்று வந்த யோசனை இல்லை என்று காட்ட, இலங்கையின் பழைய ஏரி, குளப் பாசன முறையை எடுத்து வைத்தார். ஐரோப்பிய நதி வழக்கில் நம் பக்கத்து வீட்டுக் குளம் சாட்சி சொன்னது! குளத்தைப் பற்றிக் கேட்பது சின்ன விஷயம் என்று யாராவது என் தங்கையிடம் சொன்னால், இதைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

அவள் கடிதம் எழுதினாள். மன்னிப்புக் கடிதம் இல்லை, விளக்கக் கடிதம். எத்தனை மணிக்கு வகுப்பு முடிந்தது, எங்கே நின்றோம், யாருக்கும் வழி மறிக்கவில்லை, என்ன கேட்டோம், மனுவின் நகல் இணைப்பு. ஒரு பக்கம்தான். எனக்கு அனுப்பி, "அண்ணா, இது ரொம்ப விறைப்பா இருக்கா?" என்று கேட்டாள். இல்லை, தெளிவாக இருக்கிறது என்றேன். பெற்றோர் கையெழுத்து வேண்டும். சித்தி ரெண்டு தடவை படித்துவிட்டு, மேலே 'முதல்வர் அவர்களுக்கு' என்று இருந்ததை 'மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு' என்று திருத்தச் சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டாராம். போட்டுவிட்டு என்னிடம் பேசவில்லை, நான்தான் ஏத்திவிட்டேன் என்று இன்னும் கோபம். 14 பேரில் ஐந்து பேர் மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். அவர்களை ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன். வீட்டு நிலைமை அவரவர்க்குத்தான் தெரியும். மனுவிலிருந்து யாரும் பெயரை எடுக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

கல்லூரியிலிருந்து பதில் இல்லை. இன்டர்னல் மார்க் அடுத்த மாதம் தெரியும்.

குள மனுவுக்கு ஒரு பதில் வந்தது. இந்தத் தகவல் எங்களிடம் இல்லை, சட்டப்பிரிவு 6(3)-ன்படி வேறு அலுவலகத்துக்கு மாற்றப்படுகிறது என்று. பந்தைத் தள்ளிவிட்டார்கள் என்று நான் நினைத்தேன். தங்கைக்கு ஒரே சந்தோஷம். "அண்ணா, எந்த ஆபீஸ்ல இருக்குன்னு அவங்களே எழுத்துல குடுத்துட்டாங்க பாரு" என்றாள்.

மனு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அந்த ஆபீசுக்கு 30 நாள். இன்றைக்குப் பதினொன்றாவது நாள்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு எங்கள் சித்திக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து அவரிடம் சொல்லவேண்டாம். தீபாவளிக்கு முறுக்கு வரவேண்டும் :-)